மண்டையோட்டை அளந்தவரும் அளவையை அளந்தவரும்

பெரிய தலைக்குள்ளே பெரிய அறிவு குடியிருக்கும் என்னும் எண்ணம் மிகப் பழையது. பாத்திரம் பெரிதாயின் அதனுள் அடங்கும் பொருளும் மிகுதியாகும் என்ற அன்றாட அனுபவத்தை மூளைக்கும் பொருத்திப் பார்ப்பதனால் எழுவது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வெண்ணம் வெறும் உலகவழக்காக நில்லாது விஞ்ஞானத்தின் கோலத்தைப் பூண்டது. மண்டையோடுகள் சேகரிக்கப்பட்டன, மூளைகள் நிறுக்கப்பட்டன, பெறப்பட்ட எண்கள் அட்டவணைகளாயின. அவ்வட்டவணைகள் மனித குலத்தை மேலோர் என்றும் கீழோர் என்றும் வரிசைப்படுத்துவதற்குச் சான்றுகளாக எடுத்தாளப்பட்டன.

இவ்வரலாற்றை விமர்சன நோக்கில் ஆராய்ந்த நூல்களுள் மிகப் பரவலாக அறியப்பட்டது, அமெரிக்க உயிர்ச்சுவட்டியலாளரான ஸ்டீபன் ஜே கூல்ட் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த மிஸ்மெஷர் ஒவ் மேன்’ என்பதாகும். ‘மனிதனைப் பிழைபட அளத்தல்’ என அப்பெயரைத் தமிழிற் கூறலாம். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய கூல்ட், விஞ்ஞானத்தைப் பொதுவாசகருக்கு எடுத்துரைப்பதில் வல்லவர். அமெரிக்காவின் நூல் விமர்சகர் வட்டத்தினது தேசியப் பரிசைப் பெற்ற இந்நூல் 1996இல் விரிவான மறுபதிப்பையும் கண்டது. பிறருடைய அளவைகளைச் சோதித்த இந்நூலே, ஆசிரியர் 2002இல் மறைந்த பின்னர், கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. அச்சோதனையில் எப்பகுதி நிலைபெற்றது, எப்பகுதி வீழ்ந்தது என்பதைப் பிரித்தறியாது நூலைப் போற்றுதலும் தூற்றுதலும் பயனற்றவை.

கூல்டின் அடிப்படை வாதம் இரண்டு தவறுகளைச் சுட்டுவது. அறிவு என்னும் பல்வேறு ஆற்றல்களின் தொகுதியை, மூளைக்குள் இருக்கும் ஒரு தனிப்பொருளாகக் கருதுதல் முதலாவது தவறு. அவ்வாறு கருதப்பட்டதை ஒரே எண்ணால் அளந்து, அந்த எண்ணைக் கொண்டு மனிதரை ஓர் ஏணியில் ஏற்றி வைத்தல் இரண்டாவது தவறு. மண்டையோட்டை அளந்த பத்தொன்பதாம் நூற்றாண்டும் நுண்ணறிவுச் சோதனைகளை நடத்திய இருபதாம் நூற்றாண்டும் கருவிகளால் வேறுபட்டனவேயன்றி, இவ்விரு தவறுகளால் ஒன்றுபட்டன என்பது அவர் முடிபு. நூலின் பெரும்பகுதி நுண்ணறிவுச் சோதனைகளைப் பற்றியதேயாயினும், வாசகர் மனத்தில் ஆழப் பதிந்தது மண்டையோடுகளைப் பற்றிய பகுதியே. அப்பகுதியின் மையப் பாத்திரம் சாமுவேல் ஜோர்ஜ் மோர்ட்டன்.

மோர்ட்டன் 1799 தொடக்கம் 1851 வரை வாழ்ந்த பிலடெல்பியா மருத்துவர். உலகின் பல பாகங்களிலிருந்தும் தம்மிடம் வந்து சேர்ந்த ஆயிரத்துக்கு அண்மித்த மண்டையோடுகளைத் தொகுத்து வைத்திருந்தார். மண்டையோட்டினுள் விதைகளை நிரப்பி, பின்னர் அவற்றை அளவுருளையிற் கொட்டி, உட்கொள்ளளவைக் கன அங்குலத்திற் கணித்தார். விதைகள் ஒரே சீராக அமையாமையால் அளவுகள் மாறுபட்டன. எனவே பிற்காலத்தில் விதைகளைக் கைவிட்டுச் சிறிய ஈயச் சன்னங்களைப் பயன்படுத்தினார். அவருடைய ‘கிரேனியா அமெரிக்கானா’ 1839இல் வெளிவந்தது. அந்நூலின் அட்டவணைப்படி கொக்கேசியருக்குச் சராசரி 87, மொங்கோலியருக்கு 83, அமெரிக்கப் பழங்குடியினருக்கு 82, மலாயருக்கு 81, எதியோப்பியர் என அவர் குறித்த ஆபிரிக்கருக்கு 78 கன அங்குலம் ஆகும். இனங்கள் தனித்தனியே தோன்றியவை எனக் கொண்ட ஒரு சிந்தனைப் பிரிவினர்க்கு இவ்வெண்கள் பெரும் ஆதாரமாயின. அடிமை முறையை நியாயப்படுத்தியோரான நொட், கிளிடன் ஆகியோர் 1854இல் வெளியிட்ட நூலை மோர்ட்டனின் நினைவுக்கே உரித்தாக்கினர். அதே ஆண்டில், அடிமை நிலையிலிருந்து தப்பி வந்து பேச்சாளராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ், பண்டைய எகிப்தியரைக் கறுப்பினத்தவரினின்றும் பிரித்துக் காட்ட மோர்ட்டன் எடுத்த முயற்சியை ஒரு கல்லூரி மேடையிலே கண்டித்தார். எண்களின் விளைவு நூலகத்துக்குள் அடங்கி நிற்கவில்லை.

இத்தகைய மோர்ட்டன் மீது கூல்ட் சுமத்திய குற்றச்சாட்டு நுட்பமானது. மோர்ட்டன் பொய்யர் அல்லர். தம் தரவுகளை அவரே முழுமையாக வெளியிட்டுள்ளார். ஆனால் அவரையறியாமலே முற்சாய்வு அவர் கையைச் செலுத்தியது என்பதே அது. விதையால் அளந்தபோது கிடைத்த சராசரிகளையும் சன்னத்தால் அளந்தபோது கிடைத்தவற்றையும் கூல்ட் ஒப்பிட்டார். ஆபிரிக்க மண்டையோடுகளின் சராசரி 5.4 கன அங்குலத்தால் உயர்ந்திருந்தது. கொக்கேசிய மண்டையோடுகளினதோ 1.8 கன அங்குலத்தால் மட்டுமே உயர்ந்திருந்தது. கருவியின் குறைபாடு எல்லாவற்றையும் ஒரே அளவிற் பாதித்திருக்க வேண்டும். அவ்வாறன்றி ஒரு சாராரைக் கூடுதலாகப் பாதித்தமைக்குக் காரணம் யாது? ஐரோப்பியரது சிறிய மண்டையோடு கையிற் கிடைத்தால் அதனைக் குலுக்கிப் பெருவிரலால் விதைகளை அழுத்தியும், ஆபிரிக்கரது பெரிய மண்டையோடு கிடைத்தால் இலேசாக நிரப்பியும் மோர்ட்டன் அளந்திருக்கலாம் என ஒரு காட்சியைக் கூல்ட் கற்பித்துக் காட்டினார். தரவுகளை மீளக் கணித்து, இனங்களின் சராசரிகள் யாவும் 83க்கும் 87க்கும் இடையில் அடங்குகின்றன என்றும் முடிவு செய்தார்.

விதையை அழுத்தும் அப்பெருவிரல், விஞ்ஞானத்தின் நடுநிலை பற்றிய விவாதங்களிலே நீண்ட காலம் ஒரு குறியீடாக நின்றது. ஒரு நூற்றாண்டின் இனவாதம் முழுவதையும் ஒரு விரலின் அசைவிற் காட்டிவிட்ட எழுத்தாற்றல் வியக்கத்தக்கதே. ஆனால் அக்காட்சி நடந்ததற்குச் சான்று எதுவுமில்லை. நடந்திருக்கக்கூடியது என்றே கூல்டும் எழுதினார். அம்மண்டையோடுகளை அவர் தாமே அளந்து பார்க்கவுமில்லை. அச்சிடப்பட்ட எண்களைக் கொண்டே வாதிட்டார். வாசகரோ ‘இருக்கலாம்’ என்பதை மறந்து ‘இருந்தது’ என்றே கொண்டனர். எழுத்தின் வலிமை சான்றின் வலிமையை மிஞ்சிய இடம் இது.

2011ஆம் ஆண்டில் ஆறு மானிடவியலாளர், பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையிற் பேணப்பட்ட அத்தொகுதியிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட மண்டையோடுகளை மீள அளந்து தம் முடிபை வெளியிட்டனர். மோர்ட்டனின் அளவுகள் பெரும்பாலும் சரியானவை. காணப்பட்ட சில பிழைகளும் ஓர் இனத்தை உயர்த்தி மற்றோர் இனத்தைத் தாழ்த்தும் போக்குடையனவல்ல என்பது அம்முடிபு. கூல்டின் மறுகணிப்பிலேயே பிழைகள் உள்ளன என்றும் அவர்கள் எடுத்துக்காட்டினர். விவாதம் அத்துடன் ஓயவில்லை. 2014இல் மெய்யியலாளர் மைக்கல் வைஸ்பேர்க், கூல்ட் சில தவறுகளை இழைத்தாராயினும் விதைக்கும் சன்னத்துக்கும் இடையிலான வேறுபாடு பற்றிய வாதம் எஞ்சி நிற்கிறது என்றார். அடுத்த ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, அத்தொகுதி எவ்வகைப் பொதுமுடிபுக்கும் ஏற்றதன்று. ஆதலின் அதனைக் கணித்து விடைகாண முயன்ற இருதரப்பினரும் தவறினர் என்றது. இறுதியாக 2018இல் போல் வொல்ஃப் மிச்செல், மோர்ட்டனின் வெளியிடப்படாத கையெழுத்துக் குறிப்புகளை ஆராய்ந்தார். விதை அளவுகளிலும் இனச்சாய்வு இல்லை. இரு காலங்களிலும் அளக்கப்பட்ட மண்டையோடுகளின் தொகுதி மாறியமையே சராசரிகள் வேறுபட்டமைக்குக் காரணம் என அவர் காட்டினார். பெருவிரற் காட்சி இத்துடன் வீழ்ந்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

ஆனால் மோர்ட்டன் சரியாக அளந்தார் என்பதனால் மோர்ட்டன் கூறியது சரியென்று ஆகிவிடுமா? மிச்செலின் ஆய்வு இவ்வினாவுக்கும் விடை தருகிறது. ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் வாழ்ந்த உடற்கூற்றியலாளர் பிரீட்ரிக் டீடமன், மோர்ட்டனின் நூல் வெளிவருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1836இல், இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவரும் மண்டையோடுகளைத் தானியத்தால் நிரப்பியே அளந்தார். அவருடைய தரவுகளைச் சராசரிப்படுத்தினால் மோர்ட்டனுடையவற்றைப் பெரிதும் ஒத்த வரிசையே கிடைக்கும். எனினும் அவர் கண்ட முடிபு நேர்மாறானது: ஆபிரிக்கரின் மூளைக்கும் ஐரோப்பியரின் மூளைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, அடிமை முறைக்கு இயற்கையில் ஆதாரம் இல்லை.

ஒத்த எண்களிலிருந்து எதிரெதிரான முடிபுகள் எவ்வாறு பிறந்தன? மோர்ட்டன் சராசரியை நோக்கினார். டீடமன் வீச்சை நோக்கினார். மோர்ட்டனின் 1839ஆம் ஆண்டு அட்டவணையிலேயே டீடமனின் வாதத்துக்கு வேண்டிய சான்று உள்ளது. கொக்கேசிய மண்டையோடுகளுட் பெரியது 109, சிறியது 75 கன அங்குலம். ஆபிரிக்க மண்டையோடுகளுட் பெரியது 94, சிறியது 65. எனவே ஆபிரிக்கருட் சிலர் கொக்கேசியரின் சராசரியாகிய 87ஐ மிஞ்சினர்; கொக்கேசியருட் சிலர் ஆபிரிக்கரின் சராசரியாகிய 78ஐயும் எட்டவில்லை. இரு சராசரிகளுக்கும் இடைவெளி 9. கொக்கேசியருக்குள்ளேயே காணப்படும் இடைவெளி 34. ஒரே பக்கத்தில் அருகருகே அச்சிடப்பட்ட எண்களுள் ஒருசாரவற்றை மோர்ட்டன் பேசவிட்டார், மற்றவற்றைப் பேசவிடவில்லை.

டீடமனும் அடிமை ஒழிப்பின்பால் ஈடுபாடு உடையவரே. ஆதலின் இருவருமே முற்சாய்வுடையோர் எனச் சமன்செய்துவிடலாம் என்று தோன்றலாம். அது பொருந்தாது. எவருக்கும் ஈடுபாடு உண்டு. அந்த ஈடுபாடு எத்தகைய முடிபை நோக்கிச் செலுத்துகிறது, அம்முடிபைத் தரவு தாங்குமா என்பதே வினா. ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படிந்து கிடக்கும் இரு தொகுதிகளைக் கொண்டு, தனிமனிதன் ஒருவன் எத்தொகுதியைச் சேர்ந்தவன் என்பதைக் கூடக் கூற இயலாது. அவன் அறிவின் தரத்தைக் கூறுவது எங்ஙனம்? டீடமனின் முடிபைத் தரவு தாங்கியது. மோர்ட்டனின் முடிபைத் தாங்கவில்லை.

தென்னாசிய வாசகரின் கவனத்துக்குரிய மற்றொரு செய்தியும் மோர்ட்டனின் அட்டவணையில் உண்டு. இந்துக்கள் எனக் குறிக்கப்பட்ட இந்தியரின் 17 மண்டையோடுகள் அவரிடம் இருந்தன. அவர் வகுத்த பாகுபாட்டின்படியே அவர்கள் கொக்கேசியராவர். ஆனால் அவற்றின் சராசரி 75 கன அங்குலமே ஆகையால் மூன்றினை மாத்திரம் கணக்கிற் சேர்த்து ஏனையவற்றை விலக்கினார். சிறிய தலையையுடைய பண்டைப் பெருவியரையோ அமெரிக்கப் பழங்குடியினரின் கணக்கில் மிகுதியாகச் சேர்த்துக்கொண்டார். இவ்விலக்கலைக் கூல்ட் சரியாகவே சுட்டினார். இதிற் கருதத்தக்கது யாதெனில், மோர்ட்டன் இதனை மறைக்கவில்லை. காரணத்தையும் எண்ணிக்கையையும் தாமே அடிக்குறிப்பில் எழுதி வைத்தார். முற்சாய்வு இங்கே இரகசியமாக இயங்கவில்லை; நேர்மையான குறிப்பாக வெளிப்படையாகவே நிற்கிறது. அட்டவணை உலகெங்கும் சென்றது. அடிக்குறிப்பு நூலோடு நின்றுவிட்டது. அறியாமற் செயற்படும் விரலைத் தேடியலைந்த கூல்ட், அறிந்தே எழுதப்பட்ட இவ்வடிக்குறிப்பிலேயே தம் வாதத்தை ஊன்றியிருப்பின், அதனை எந்த மறு அளவீடும் அசைத்திருக்க முடியாது.

பிரான்சிய அறிஞர் போல் புரோக்காவைப் பற்றிய பகுதியே நூலில் உறுதியானது எனலாம். புரோக்கா கூர்மையான அளவையாளர். அவருடைய எண்களைக் கூல்ட் ஐயுறவில்லை. ஆண்களின் 292 மூளைகளது சராசரி நிறை 1325 கிராம். பெண்களின் 140 மூளைகளது சராசரி 1144 கிராம். 181 கிராம் வேறுபாட்டைப் பெண்களின் அறிவுக் குறைவுக்கு ஓரளவு சான்றாகப் புரோக்கா கொண்டார். உயரத்தையும் வயதையும் கணக்கிற் கொண்டு கூல்ட் மீளக் கணித்தபோது அவ்வேறுபாடு 113 கிராமாகக் குறைந்தது. எஞ்சியதும் அறிவைச் சுட்டுவதன்று. ஆண் பெண் மூளைப் பருமனில் இன்றும் சராசரியாக ஏறக்குறைய பத்து வீத வேறுபாடு காணப்படுகின்றபோதிலும், பொது நுண்ணறிவிற் அதற்கேற்ற இடைவெளி காணப்படவில்லை. இங்கே கூல்ட் காட்சி எதனையும் கற்பிக்கவில்லை. எண் சரி, அதிலிருந்து முடிபுக்குச் சென்ற பாதையே தவறு எனக் காட்டினார். மோர்ட்டன் விடயத்திலும் இவ்வழியே ஏற்றதாக இருந்தது.

அறிஞர் பலரின் மூளைகள் அவர்கள் இறந்த பின் நிறுக்கப்பட்ட வரலாற்றையும் கூல்ட் சுவைபடக் கூறுகிறார். ருசிய நாவலாசிரியர் துர்கனேவின் மூளை 2000 கிராமுக்கு மேற்பட்டது. நோபல் பரிசு பெற்ற பிரான்சிய எழுத்தாளர் அனற்றோல் பிரான்சினதோ 1017 கிராம் மாத்திரமே. கணித மேதை கவுஸின் மூளை 1492 கிராம். ஐன்ஸ்டைனின் மூளை 1230 கிராம் எனப் பதிவாகியுள்ளது. இவ்வுதாரணங்கள் நகைப்பை விளைவிப்பன. ஆயினும் சில தனியுதாரணங்களால் ஒரு பொதுத்தொடர்பை மறுத்துவிட முடியாது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

நூலின் பெருங்குறை இங்கேதான் வெளிப்படுகிறது. மூளையின் பருமனுக்கும் அறிவுக்கும் தொடர்பே இல்லை என்ற எண்ணத்துடனேயே வாசகர் நூலை மூடிவைக்கிறார். 1990களிலே காந்தப் பரிவுப் படப்பிடிப்பின் உதவியால் உயிருள்ளோரின் மூளைப் பருமனை அளந்து, நுண்ணறிவுச் சோதனைப் புள்ளிகளோடு ஒப்பிடும் ஆய்வுகள் வெளிவரத் தொடங்கின. 1996இன் மறுபதிப்பு, ‘த பெல் கேர்வ்’ என்னும் நூலுக்கு மறுப்புரைப்பதில் முனைந்ததேயன்றி இவ்வாய்வுகளுக்கு உரிய இடம் அளிக்கவில்லை. 8000 பேருக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிடப்பட்ட கணிப்பின்படி இணைபுக் குணகம் 0.24 ஆகும். பிரித்தானியாவில் 13,000 பேருக்கு மேற்பட்டோரிடம் பெற்ற தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வில் அது 0.19 ஆகும். தொடர்பு உண்டு, ஆனால் மெலிந்தது. 0.24 என்பது மனிதரிடையே காணப்படும் அறிவு வேறுபாட்டில் ஏறக்குறைய 6 வீதத்தை மட்டுமே மூளைப் பருமனோடு இணைக்கிறது. எஞ்சிய 94 வீதம் வேறு காரணங்களுக்கு உரியது. ஒருவரது மூளையின் பருமனைக் கொண்டு அவரது அறிவை மதிப்பிட முனைவது வீண்முயற்சியாகவே முடியும்.

மேலும், ஒரு குழுவினுள்ளே காணப்படும் மெலிந்த தொடர்பைக் கொண்டு இரு குழுக்களுக்கிடையிலான வேறுபாட்டை விளக்குதல் தருக்கப் பிழை. ஆண் பெண் உதாரணமே இதனை உணர்த்தப் போதுமானது. மண்டையோட்டின் கொள்ளளவு காலநிலையோடும் தொடர்புடையது. குளிர்ப் பிரதேச மக்களிடையே அது சற்றுக் கூடுதலாக இருப்பது அறியப்பட்ட செய்தி. உயிரினங்களை ஒப்பிடுமிடத்துப் பருமனின் போதாமை இன்னும் தெளிவாகிறது. யானையின் மூளை மனித மூளையைப் போல் மும்மடங்குக்கு மேற்பட்டது. அதில் ஏறத்தாழ 25,700 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. மனித மூளையிலோ 8,600 கோடி. ஆனால் யானையின் கலங்களில் மிகப் பெரும்பாலானவை உடலசைவைச் சீர்செய்யும் சிறுமூளையிலேயே செறிந்துள்ளன. மூளையின் மேற்பட்டையை மட்டும் நோக்கின் மனிதனுக்கு 1,600 கோடி, யானைக்கு 560 கோடி. எத்தனை என்பதனிலும் எங்கே, எவ்வாறு இணைக்கப்பட்டு என்பதே பொருளுடைய வினா.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கூல்டின் நூல் இருவகை வாசகரிடமிருந்து காப்பாற்றப்பட வேண்டியதாகிறது. இனவாதத்தை எதிர்க்கும் நூலாகையால் அதன் குறைகளைப் பேசலாகாது என்போர் ஒரு சாரார். நல்ல நோக்கம் தவறான சான்றுக்கு ஈடாகாது. தவறான சான்றின்மேல் நிறுத்தப்பட்ட நல்ல முடிபு, அச்சான்று வீழும்போது தானும் வீழ்ந்ததாகத் தோற்றமளிக்கும். கூல்ட் தவறினார், ஆகவே மோர்ட்டன் வென்றார் என்போர் மற்றொரு சாரார். 2011இல் மண்டையோடுகளை மீள அளந்தவர்களே மோர்ட்டனின் இனவாதத்தை ஏற்கவில்லை என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர். மோர்ட்டனின் குற்றம் அளந்த கையில் இருக்கவில்லை. எதை அளக்க வேண்டும், எதை அடிக்குறிப்பில் ஒதுக்க வேண்டும், அளந்ததைக் கொண்டு யாரை எங்கே நிறுத்த வேண்டும் எனத் தீர்மானித்த சமூகத்தில் இருந்தது. அச்சமூகத்துக்கு ஓர் ஏணி தேவைப்பட்டது. சரியான எண்களும் அத்தேவைக்குப் பயன்பட்டன.

அந்த எண்களுக்குப் பின்னால் மனிதர் இருந்தனர். மோர்ட்டனின் தொகுதியில் அடிமைகளாக வாழ்ந்து மடிந்தோரின் மண்டையோடுகளும், அவற்றுக்குரியோரின் சம்மதமின்றியே பெறப்பட்டவையும் உள. 2021இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலை இத்தொகுதி பற்றி மன்னிப்புக் கோரியது. 2024இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த 19 பேரின் மண்டையோடுகள் அந்நகருக்கு அண்மையிலுள்ள கறுப்பினத்தவரின் மயானமொன்றில் அடக்கம் செய்யப்பட்டன. கன அங்குலங்களாக ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தட்டுகளில் இருந்தவர்கள் மனிதராக மண்ணுக்குத் திரும்பினர். கூல்டின் கணிப்பிலே பிழைகள் உண்டு. ஆயினும் அம்மண்டையோடுகளை மனிதருடையவையாக நோக்க வேண்டும் என்ற உணர்வைப் பரந்த வாசகரிடையே எழுப்பிய நூல்களுள் அவருடையது முதன்மையானது. அந்நூலைப் பிழை திருத்திப் படித்தலே அதற்கு அளிக்கக்கூடிய உரிய மதிப்பாகும்.